யார் முதலில் வாய் திறப்பது?

1890-ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டத்தில் 110 என்று ஒரு பிரிவு இருந்தது. புகைப்பதற்கென்று ஒதுக்கிய பெட்டியைத் தவிர வேறு பெட்டியில், கூட வருகிறவர்களின் சம்மதம் இல்லாமல் புகைத்தால் 20 ரூபாய் வரை அபராதம். ரயில்வே ஊழியர் எச்சரித்த பிறகும் ஊதிக்கொண்டிருந்தால் ஆளை வண்டியிலிருந்தே இறக்கிவிடலாம். வெள்ளைக்காரன் காலத்து 20 ரூபாய் சின்னக் காசில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சட்டம் உயிரோடு இருந்த வருஷங்களில்தான் நான் பெண்ணாடத்தில் ஏறித் திருச்சிக்கும் விருத்தாசலத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தேன். தீக்குச்சியைக் கிழிக்கும் முன்பு எதிரில் இருப்பவரிடம் "குடிக்கட்டுமா?" என்று கேட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பிறகு 1989-இல் புதிய ரயில்வே சட்டம் வந்தது. அதில் 167-ஆவது பிரிவு, சக பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது என்றது. அபராதம் 100 ரூபாய் வரை. பழைய சட்டப்படி புகைக்கிறவர் சம்மதம் கேட்க வேண்டும். புதிய சட்டப்படி புகை பிடிக்காதவர் ஆட்சேபம் சொல்ல வேண்டும். ரயில்வே நிர்வாகமே தடை போட்டுக்கொள்ளலாம் என்றும் ஒரு உட்பிரிவு இருந்ததுதான். ஆனாலும் 99 வருஷத்தில் அபராதம் ஐந்து மடங்கானபோது, வாய் திறக்க வேண்டிய வேலை நைசாக என் பக்கம் தள்ளப்பட்டுவிட்டது.

நான் ஆலத்தியூர்க்காரி. இன்று அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டம். நான் பிறந்தபோது எல்லாமே திருச்சி மாவட்டம். அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். சின்ன வயதிலிருந்து இளைப்பு. ஆவி பிடித்தும் தூதுவளை தின்றும் பிறகு இன்ஹேலர் உறிஞ்சியும் ஓட்டிய உடம்பு இது. பிறர் விட்ட புகை எந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பது அதனால் எனக்கு நெஞ்சுக்கூட்டில் தெரியும்.

சட்டத்துக்கு முன்பே ஊரில் ஒரு சட்டம் இருந்தது. பெரியவர் எதிரே வந்தால் பீடியை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்வார்கள். அப்பா வரும் சத்தம் கேட்டால் வைக்கோல்போருக்குப் பின்னால் புகை அணையும். வாத்தியாரைக் கண்டால் பிடித்தது பாதியிலேயே காலடியில் நசுங்கும். இதை மரியாதை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மரியாதை எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். கூலிக்கு வந்தவர் பண்ணையார் முன்னால் பீடியை அணைப்பார். பண்ணையார் திண்ணையில் சாய்ந்து சுருட்டு குடிப்பார், முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் புகைக்குள்ளேயே கூலிக்காரர் நிற்பார். அதே கூலிக்காரர் வீட்டுக்குப் போனால் கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். மேலே இருப்பவர் மூக்குக்குப் புகை போகக்கூடாது, அவ்வளவுதான் ஊர்ச்சட்டம். கீழே எத்தனை பேர் இருமினாலும் அது கணக்கில் வராது. கடைசிப் படியில் இருந்தது பெண்களும் பிள்ளைகளும்.

திண்ணையில் புகைந்தது பெரும்பாலும் உறையூர்ச் சுருட்டு. திருச்சிச் சுருட்டு அந்தக் காலத்தில் கப்பலேறி லண்டன் வரை போன சரக்கு. 1887-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலிலேயே, தரையில் கிடந்த சாம்பலை வைத்து இது திருச்சிச் சுருட்டு என்று அவர் கண்டுபிடிப்பார். எங்கள் ஊர்த் திண்ணைக்கு வந்திருந்தால் அவருக்குச் சாம்பலும் தேவைப்பட்டிருக்காது, தெருமுனையிலேயே தெரிந்திருக்கும்.

இங்கே பெண்களையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் அப்பாயிகள் யாரும் புகையிலைக்குச் சத்துரு அல்ல. வெற்றிலையோடு ஒரு துண்டு அடக்கிக்கொண்டால்தான் களை எடுக்கவே குனிவார்கள். அவர்கள் புகையிலை அடுத்தவர் நெஞ்சுக்குள் போகவில்லை, அடுத்தவர் சுவரில் போய் விழுந்தது. தமிழ்நாட்டு அரசு 2002-இல் கொண்டுவந்த சட்டத்துக்குப் புகைபிடித்தல் மற்றும் எச்சில் துப்புதல் தடைச் சட்டம் என்றே பெயர். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிய ஆள் யாரோ நம்மூர்ப் பேருந்து நிலையத்தில் நிறைய நேரம் நின்றிருக்க வேண்டும்.

பேருந்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ஓடிய சோழன் போக்குவரத்துக் கழக வண்டிகளிலும் தனியார் வண்டிகளிலும் "புகை பிடிக்காதீர்" என்று பெயிண்டில் எழுதித்தான் இருக்கும். அந்த எழுத்துக்கு நேர் கீழேயே ஒருவர் உட்கார்ந்து பிடிப்பார். சில வண்டிகளில் நடத்துநர் காதிலேயே ஒரு பீடி செருகியிருக்கும். பெண்களுக்கு இருந்த வழிகள் சில. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். பிள்ளையை மடியில் திருப்பிப் படுக்கவைத்துச் சன்னல் பக்கம் தள்ளலாம். முன்னால் புகைகிறதா, பின்னால் புகைகிறதா என்று பார்த்து எதிர்க்காற்றுக்கு இடம் மாறலாம். எந்த இருக்கைக்குப் புகை குறைவாக வரும் என்பது எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராமலே எங்களுக்குத் தெரியும். நேராகச் சொல்வது மட்டும் கிடையாது. என் அம்மா ஒரு முறை கூட, "பீடியைப் போடுங்க" என்று ஆண்பிள்ளையிடம் சொன்னதில்லை. என்னைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி, "பாப்பா, இருமாதடி, இறங்குற இடம் வந்துரும்" என்பார். மான ரோஷம் உள்ளவராக இருந்தால் காதில் வாங்குவார். இல்லாவிட்டால் இருமிக்கொண்டே செந்துறையில் இறங்குவோம்.

டூரிங் கொட்டகையிலும் இதே கதைதான். படம் தொடங்கும் முன் ஸ்லைடு போடுவார்கள், புகை பிடிக்காதீர் என்று. அந்த எழுத்தைத் தாங்கி வரும் ஒளிக்கற்றையில் புகை சுருள் சுருளாக நீந்தும்.

இந்தப் புகை வெறும் எரிச்சல் அல்ல, ஆளைக் கொல்லும் என்று உலகம் நம்பத் தொடங்கியதே ரொம்பத் தாமதம். 1981-இல் ஜப்பானின் தகேஷி ஹிராயாமா ஒரு ஆய்வை வெளியிட்டார். புகைக்காத 91,540 மனைவிமார்களை 14 ஆண்டுகள் கவனித்த ஆய்வு அது. கணவன் அதிகம் புகைத்தால் புகைக்காத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது என்று அது சொன்னது. புகையிலைக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை, கணக்கில் கோளாறு என்று வருஷக்கணக்கில் வாதாடின. பின்னால் வந்த ஆய்வுகள் ஹிராயாமாவின் பக்கமே போய்ச் சேர்ந்தன. எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது, அத்தனை ஆயிரம் பெண்களில் ஒருத்தியும் வாய் திறந்து புகார் சொல்லாமலே எண்கள் பேசிவிட்டன என்பது.

நம் நாட்டில் நீதிமன்றங்களும் பேசின. 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தெருவில் சாக்கடையைத் திறந்துவிடுகிறவன் மேல் பாயும் பொதுத்தொல்லைப் பிரிவையும், காற்றை நஞ்சாக்குவது பற்றிய பிரிவையும் பழைய தண்டனைச் சட்டத்திலிருந்தே எடுத்துச் சிகரெட்டுக்குப் பொருத்திக் காட்டினார்கள். புதிதாக ஒரு வரி எழுதாமல், ஏற்கெனவே கையில் இருந்த கருவியாலேயே முடித்த காரியம் அது. அந்த அமர்வில் நாராயண குருப்புடன் இருந்த பொறுப்புத் தலைமை நீதிபதி ஏ.ஆர்.லட்சுமணன் நம் தேவகோட்டைக்காரர். 2001 நவம்பர் 2 அன்று முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது: மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், ரயில் உட்பட்ட பொது வாகனங்கள் எதிலும் புகைக்கக் கூடாது. 2003-இல் மத்தியச் சட்டம். 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று கடுமையான விதிகள்.

அந்த விதிகள் வந்தபோது சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். எங்கள் பக்கத்தில் அவர் கட்சிக் கொடி இல்லாத ஊர் குறைவு. அதற்கு ஆறு வருஷம் முன்பு 'பாபா' படத்தில் ரஜினி புகைப்பதை எதிர்த்து அந்தக் கட்சி செய்த ஆர்ப்பாட்டத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் ரெண்டாகப் பிரிந்து நின்றார்கள். அரசியலில் அவரோடு எனக்கு ஆயிரம் வேறுபாடு உண்டு. ஆனால் என் நுரையீரலுக்காக டெல்லியில் ஒரு ஆள் சண்டை போட்டார் என்பதை எழுதாமல் விட்டால் அது நேர்மை ஆகாது.

2008 விதிகளில் 200 ரூபாய் அபராதத்தை எல்லோரும் பேசினார்கள். அதைவிட முக்கியமான ஒன்று கவனிக்கப்படாமல் போனது. பொது இடத்தின் உரிமையாளரோ மேலாளரோ 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் பலகை வைக்க வேண்டும், யாரிடம் புகார் சொல்வது என்று அதில் ஒரு பெயர் இருக்க வேண்டும். சாம்பல் கிண்ணமும் தீப்பெட்டியும் அங்கே வைக்கக் கூடாது. புகார் வந்தும் அவர் அசையாவிட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேரின் அபராதமும் அவர் தலையில். 1890 சட்டம் புகைக்கிறவரைப் பேசச் சொன்னது, 1989 சட்டம் புகைக்காதவரைப் பேசச் சொன்னது, 2008 மூன்றாம் ஆளைப் பேசச் சொன்னது. என் அம்மா காற்றோடு பேசிக்கொண்டிருந்த பேச்சுக்கு அரசாங்கம் ஒரு ஆளை நியமித்தது.

ஊர்க்காரர்கள் கடல் தாண்டிப் போன கதைக்கும் இதில் பங்குண்டு. எங்கள் பெரியப்பா 'ரஜூலா' கப்பலில் பினாங்கு போனவர். 1926-இல் கட்டிய கப்பல், 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த கூட்டத்தில் பீடிக்கட்டு இல்லாத மடி கிடையாது, காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்பார். அதற்குப் பின் வந்த எம்.வி.சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்து, பலர் உயிரிழந்து, அந்தக் கப்பல் வழியே முடிந்துபோயிற்று. விமானத்தில் காற்று அள்ளிக்கொண்டு போக முடியாது. 1980-களில் சவுதிக்குப் போன என் கொழுந்தனார் சொல்வது: பின் வரிசைகள் புகைக்கிறவர்களுக்கு, நடுவில் சுவரோ திரையோ இல்லை, கடைசி 'புகைக்காத' வரிசையில் இடம் கிடைத்தவன் பாடு அதோகதி. அமெரிக்கா 1988-இலும் 1990-இலும் உள்நாட்டு விமானங்களில் படிப்படியாகத் தடை போட்டது. 1996 ஜூலை 1-க்குள் எல்லாச் சர்வதேச விமானங்களிலும் புகையை நிறுத்துங்கள் என்று சர்வதேச சிவில் விமான அமைப்பு 1992-இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

நான் முதன்முதலில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போனபோது இதெல்லாம் முடிந்துபோன கதை. ஆனாலும் கழிவறைக் கதவில் சின்னதாக ஒரு சாம்பல் கிண்ணம் இருந்ததைப் பார்த்துக் குழம்பினேன். புகைக்கக் கூடாது என்று எழுதிவிட்டுக் கிண்ணம் எதற்கு? காரணம் 1973 ஜூலை 11. பிரேசிலின் வாரிக் நிறுவன விமானம் பாரிஸ் ஓர்லி நிலையத்தை நெருங்கும்போது பின்பக்கக் கழிவறையில் தீப்பிடித்துப் புகை நிறைந்து 123 பேர் இறந்தார்கள். சிகரெட் துண்டு காகிதக் குப்பைத் தொட்டியில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் அன்று யோசித்தது. தடையை மீறுகிற ஒருவன் எப்போதும் இருப்பான், அவன் துண்டை அணைக்க ஒரு இடம் வேண்டும் என்றே கிண்ணம் கட்டாயமாக நீடிக்கிறது. சட்டம் எழுதுகிறவர்கள் மனுஷனைப் பற்றி இவ்வளவு தெளிவாக யோசித்தது வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூர் 1970-லேயே பேருந்திலும் திரையரங்கிலும் புகைப்பதைத் தடை செய்த ஊர். எங்கள் டூரிங் கொட்டகையில் ஸ்லைடு மட்டும் ஓடிய காலம் அது. பிறகு விரிந்துகொண்டே போனது: 2006-இல் உணவங்காடி நிலையங்களும் காப்பிக்கடைகளும், 2013-இல் அடுக்குமாடிகளின் பொதுநடை, பேருந்து நிறுத்தம், 2019 ஜனவரியில் ஆர்ச்சர்ட் சாலை முழுவதும். வரியில்லாமல் ஒரு சிகரெட்கூட நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. 2009-இல் ஒவ்வொரு சிகரெட்டிலும் வரி கட்டியதற்கான முத்திரை கட்டாயமானது. ஊரிலிருந்து வேலைக்குப் போகும் பையன்கள் இதை அங்கே இறங்கிய நாளிலேயே படித்துவிடுகிறார்கள். செந்துறைப் பேருந்தில் ஊதிய அதே பையன் சிங்கப்பூரின் தேக்கா பகுதியில் புகைக்க ஒதுக்கிய மஞ்சள் கோட்டுக்குள் நின்று சமர்த்தாகப் பிடிப்பதை நான் பார்த்தேன். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1997-இல் ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை வந்த பிறகு, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கிற இடத்துக்குத் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது என்பதை எங்கள் ஆட்கள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள்.

பாலம் தாண்டி ஜொகூர் போனபோது கதை மாறியது. 2019-க்கு முன்பு அங்கே சுவரில்லாத உணவுக்கடையில் தாராளமாகப் புகைக்கலாம். தோசை வந்த அதே நேரத்தில் பக்கத்து மேசையில் புகை வந்தது. மகன் எழுந்து இடம் மாறலாம் என்றான். நான், "தம்பி, அம்மாவுக்கு இளைப்புப்பா" என்றேன் அந்த ஆளிடம். அவருக்கு என் வயதே இருக்கும். "அடடா, மன்னிச்சுக்குங்கக்கா" என்று வெளியே போய்விட்டார். மொழியும் முறையும் ஒத்துப்போனால் வேலை சுலபம். 2019 ஜனவரி 1 முதல் மலேசியா உணவகங்கள் எல்லாவற்றிலும் தடை கொண்டுவந்து, மூன்று மீட்டர் தள்ளிப் போகச் சொல்லிவிட்டது. நாள் முழுக்கக் கூட்டம் கூடுகிற, மாமாக் என்று அங்கே அழைக்கப்படும் உணவுக்கடைகளுக்கும் அதே விதி.

மகனுக்குத் தோக்கியோவில் சில காலம் வேலை. அங்கே தலைகீழ். தெருவில் யாரும் புகைக்கவில்லை. சியோதா வட்டாரத்தில் 2002-லேயே தெருவில் புகைத்தால் அபராதம். நெரிசலில் தொங்கும் கையின் சிகரெட் நுனி சரியாகக் குழந்தை முகத்தின் உயரத்தில் வருகிறது என்பதும், துண்டுகள் தெருவெல்லாம் கிடப்பதும்தான் அங்கே பேசப்பட்ட காரணங்கள். நுரையீரல் பேச்சு பிறகுதான். அதனால் நான் போனபோது, சுத்தமான தெருவிலிருந்து சின்ன நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தால் அடுப்படிப் புகை போல சிகரெட் புகை. ஹிராயாமாவின் நாட்டிலேயே. கடைகளுக்குள் நாடு தழுவிய தடை 2020 ஏப்ரலில்தான் வந்தது. அந்தக் கடையில் "தம்பி" என்று கூப்பிட எனக்கு வழியில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன், சன்னல் பக்க இடம் கேட்டோம், காலியான மத்தியான மூன்று மணிக்குச் சாப்பிடப் பழகினோம். அத்தனையும் சோழன் பஸ்ஸில் கற்ற பாடம். என் மகன் கூகுளில் மொழிபெயர்த்து ஒருவரிடம் காட்டப் போனான், நான்தான் வேண்டாமென்றேன். அவர் அந்த ஊர்ச் சட்டப்படி ஒரு தப்பும் செய்யவில்லை.

வெளியூர் போகும் நம்மவர்களுக்கு என் யோசனை இதுதான்: போகிற நாட்டில் உள்ளே தடையா, வெளியே தடையா, இரண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டலில் புகைக்காத அறை என்று பதிவு செய்யும்போதே எழுதி வாங்குங்கள். முடிந்தவரை புகைக்கிறவரிடம் பேசாமல், கடைக்காரரிடமோ ஊழியரிடமோ பேசுங்கள். அவர் சொன்னால் சண்டை வராது.

திரும்பி வந்த பிறகு எங்கள் பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றுக்கு ஓய்வூதியச் சான்றுக்காகப் போனேன். விதிப்படி 60-க்கு 30 பலகை சுவரில் இருந்தது. இங்கு புகைப்பது குற்றம், புகாருக்கு அணுக வேண்டியவர் என்று அச்சிட்டு, அதற்கு எதிரே புள்ளிகள் மட்டும். பெயர் எழுதப்படவேயில்லை. மாடிப்படிக்குக் கீழே யாரோ தாராளமாகப் பிடித்துக்கொண்டிருந்த வாசனை. அங்கிருந்த உதவியாளர் என் பழைய மாணவர். பலகையைக் காட்டி, "யார் பேருப்பா இதுல வரணும்?" என்றேன். "உங்க பேரையே எழுதிருங்க டீச்சர்" என்று சிரித்தார், சட்டைப்பையில் இருந்த தீப்பெட்டியைக் கையால் மறைத்துக்கொண்டே.